இடுப்பில் பிரித்த தையல்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா எல்லோரும் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுதிவிட்டு மேலே போக இந்தத் தடவை கை வரவில்லை, போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் பள்ளிச் சீருடை தைக்கிற நேரம், தலைக்கு மேல் வேலை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அப்பா பட்டனையெல்லாம் இடம் மாற்றித் தைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

போன வாரம் நீ பேசும்போது, ஒரே அசதி என்று அங்கே டாக்டரைப் பார்த்ததைச் சொன்னாய். எடை கூடியிருக்கிறதா என்று அவர் கேட்டாராம், ஐந்து வருஷமாக அதே பேண்ட்தான், அம்மா தைத்தது, இன்னும் கச்சிதமாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாயாம். தலையில் நடந்த ஆபரேஷனைச் சொன்னாயா என்றால், அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முடிந்த கதை என்கிறாய். அவரும் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். கண்ணு, அது அதே பேண்ட் இல்லை. நீ லீவுக்கு வரும்போதெல்லாம், தேய்த்துத் தருகிறேன் என்று வாங்கிப் போய்ப் பின்தையலைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டுத் தைத்தேன். உள்ளே மடித்திருந்த துணி தீர்ந்ததும் அதே நிறத்தில் ஒட்டுப் போட்டேன். பதினேழு வயதில் கட்டியை எடுத்து, மிச்சத்தை அழிக்கக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, முடி கொட்டி, நீ கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாயே, அதற்குப் பிறகு உன் உடம்பைப் பற்றி ஒரு சொல்கூட உன் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்று அந்த டாக்டரின் கண்ணைக் கட்டிவிட்டேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம், ஒவ்வொரு தடவையும் உன் இடுப்பளவைக் குறித்து வைத்த அளவு நோட்டோடு போனேன். பகலெல்லாம் தூங்குவது, வெயிலில் ஸ்வெட்டர் போடுவது, வாரத்துக்கு ஒரு சவரம் போதும் என்று நீ சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தக் கரண்ட் கட்டியை அழித்தாலும், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டாம், அது பல வருஷம் கழித்துக்கூட மெல்ல மெல்லச் சோர்ந்துபோகலாமாம். ரத்தம் எடுத்து ஹார்மோன் பார்த்தால் தெரியுமாம், குறைவதை மருந்தால் ஈடுகட்டலாமாம். கட்டி திரும்பிவிட்டதா என்று நான் கேட்கும் முன்பே அவரே புரிந்துகொண்டு, ஸ்கேனும் எடுக்கட்டும், அதற்குள் பயந்து சாக வேண்டாம் என்றார். பிறகு நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனை வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ சோம்பேறி இல்லையடா. தூங்குமூஞ்சி என்று உன்னைக் கூப்பிட்ட அப்பா, விஷயம் கேட்டதிலிருந்து வாயே திறக்கவில்லை, அவரிடம் நீயாக இரண்டு வார்த்தை பேசு.

நோட்டில் உன் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். இடுப்பு முப்பதில் தொடங்கி முப்பத்தாறு வரை தேதியோடு இருக்கிறது. ஹார்மோன் பார்க்கிற டாக்டரிடம் இதைக் காட்டு, ஆபரேஷனையும் கரண்ட் வைத்ததையும் முதலில் சொல். அதற்குள் காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ வந்தால் அறையில் சுருண்டு கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்தச் சுரப்பி சோர்ந்தவர்களுக்கு அது ஆபத்தாகலாமாம், இது டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

நோய் நொடி விலகி நீ தெம்பாக நடமாட வேண்டும், அது போதும் எனக்கு. பார்சலில் புதுப் பேண்ட் ஒன்று வருகிறது. முப்பத்தாறு என்று உள்பட்டியில் நூலால் தைத்தே போட்டிருக்கிறேன். இனி கூடினாலும் குறைந்தாலும் நீயே சொல், உன்னைக் கேட்காமல் ஒரு தையலையும் பிரிக்க மாட்டேன்.

ஆசிகளுடன்,
அம்மா