காலுறைக்குள் ஒளித்த பல்பு

மார்ச் 4
அலமாரியைச் சுத்தம் செய்தேன். ஃபியூஸ் போன சுருள் பல்பு மூன்று, தீர்ந்துபோன ரிமோட் பேட்டரி ஒன்பது. குப்பை வண்டி தள்ளி வருகிறவள் (விசில் ஊதிக்கொண்டே வருவதால் எங்களுக்கு விசில்காரி) இவற்றை வாங்க மாட்டாள். "எலக்ட்ரிக் கடையில பெட்டி வெச்சிருக்காங்கக்கா, அதுல போடுங்க" என்பாள். இரண்டு தெரு தாண்டி யார் நடப்பது? எல்லாவற்றையும் இவருடைய பழைய காலுறைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு, காய்கறித் தோலுக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 6
வண்டியோடு வேறு ஆள். "பையை அமுக்குறப்ப அந்தம்மா கையில பல்பு கண்ணாடி குத்திடுச்சு. நாலு தையல்."
தெருவில் நாற்பது வீடு இருக்கிறதே. என்னுடையதாகவா இருக்கும்?

மார்ச் 7
வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு வேண்டுதல்.

மார்ச் 12
வந்துவிட்டாள். வலது கையில் கட்டு. இடது கையால் வண்டி தள்ளுகிறாள். "யாரோ சாக்ஸுக்குள்ள வெச்சிருந்தாங்கக்கா. துணிதானேன்னு அமுக்கிட்டேன்."
வாய் வரை வந்தது. "உடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷியா?

மார்ச் 13
இவரிடம் சொன்னேன். "நீ சொல்லாட்டி அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றார். எனக்குத் தெரியுமே.

மார்ச் 15
சொல்லிவிட்டேன். "அந்த சாக்ஸ் எங்க வீட்டுதும்மா. நீ வாங்க மாட்டேன்னுதான் மறைச்சு வெச்சேன்."
பையை வாங்கி வண்டியில் வைத்தாள். "தலை வாரிக்கக்கூட முடியல. பொண்ணுதான் வாரி விடுறா" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 22
மாடி வீடு, எதிர்வீடு எல்லாரிடமும் கேட்டு வாங்கி, பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, பல்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, எலக்ட்ரிக் கடைக்குக் கொண்டுபோனேன். "சமூக சேவையா?" என்று இவர் கிண்டல் செய்தார். என்ன சேவை? செய்த வினைக்கு நடக்கிறேன்.

மார்ச் 29
இப்போதெல்லாம் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. விசில் மட்டும்தான்.

ஏப்ரல் 5
பையோடு போனேன். அவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். தையல் பிரித்த கை. தழும்பு இன்னும் சிவப்பு.
"எங்க வீட்டு பல்புக்கா. நீங்க கடைப் பெட்டிக்குக் கொண்டுபோறீங்கன்னு எதிர்வீட்டுல சொன்னாங்க, போறப்ப இதையும் சேத்துப் போட்டுடுங்க. எனக்கு எங்க நேரம்?"
இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். மூடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, கோணல் மாணலாக எழுதியிருந்தாள்: 'கண்ணாடி இருக்கு. கை பத்திரம்.'