அத்தானின் தொள்ளாயிரம் வாக்கியங்கள்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் நாலு பக்கம் வேடிக்கையாக எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. இங்கே ஒரு சிக்கல்.

நாம் கடிதம் எழுதிப் போட்டுக்கொள்ள கிளவுடில் நீ திறந்துவைத்த இந்தத் 'தபால்பெட்டி' ஃபோல்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் இருந்த 'அத்தான் குரல்' ஃபோல்டரைக் காணோம். தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன்னால் உன் அத்தான் மூன்று வாரம் உட்கார்ந்து பதிவு செய்த தொள்ளாயிரம் வாக்கியமும் அதில்தான் இருந்தது. அதை வைத்துத்தான், அவர் குரலிலேயே பேசுகிற கருவியை ஆஸ்பத்திரியில் செய்யப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

லேப்டாப்பின் மூலையில் இருக்கிற மேகப் படத்தில் இரண்டு அம்புகள் சாவியைத் தொலைத்தவள் மாதிரி சுற்றிச் சுற்றி வருகின்றன. போனில் இருந்ததை, "மேல பத்திரமா இருக்கு, எதுக்குக்கா ரெண்டு இடத்துல" என்று நீ சொன்னதால் அன்றைக்கே அழித்துவிட்டேன்.

அத்தானுக்குப் புண் ஆறிவிட்டது. குரல்தான் இனி கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிவிட்டுக் கட்டிலைத் தட்டுவார். நான் சமையலறையில் இருந்தால் காதில் விழாது. போய்ப் பார்க்கும்போது எழுதியதை அழித்துவிட்டு 'ஒண்ணுமில்ல' என்று எழுதி வைத்திருப்பார்.

அக்கவுன்ட் உன் பெயரில்தானே இருக்கிறது. என்ன ஆயிற்று என்று பார்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதறாதே. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பட்டம் இந்தக் குடும்பத்தில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்கே தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிரின்டரை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன், அது வேலை செய்தது. அதற்குப் பிறகு தட்டாமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

முதலில் அந்த மேகத்தைச் சொடுக்கு. 'நிறுத்தப்பட்டுள்ளது' என்று இருந்தால் 'தொடர்' என்பதை அமுக்கு. லேப்டாப்பில் இடம் இருக்கிறதா பார். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா பார். நேரம் தப்பாக இருந்தால் இந்தச் சனியன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பிறகு வெளியே வந்து, பாஸ்வேர்ட் போட்டு மறுபடி உள்ளே போ. பாஸ்வேர்ட் உங்கள் கல்யாணத் தேதி, பின்னாலிருந்து. அத்தானிடம் கேட்காதே, முன்னாலிருந்தே அவருக்கு ஞாபகம் இருக்காது. கடைசியாக ஒரு ரீஸ்டார்ட்.

எங்கள் பத்திரிகை ஆசிரியர் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆளுக்கு ஆள் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டே வானிலை பற்றிப் பேசுகிறோம். என் நகைச்சுவைப் பக்கத்துக்கு இது போதும் என்று நினைத்தேன். வேலையை நினைத்து விட்டுவிட்டேன்.

கவலைப்படாதே, எங்கே போய்விடும்.

உன்,
வால்

*

மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கித்தான் இருந்தது. திருத்தினேன். ரீஸ்டார்ட் செய்ததும் அம்பு சுற்றுவது நின்று பச்சை நிறத்தில் 'சரி' விழுந்துவிட்டது. 'எல்லாம் ஒத்துப்போகிறது' என்று எழுதிக் காட்டுகிறது. எல்லாம் ஒத்துப்போகிறதாம், ஃபோல்டர் மட்டும் இல்லை.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தான் சிலேட்டில் எழுதியது: 'அவனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் தட்டுறது ஒண்ணுதான். லேப்டாப்பைத் தட்டிப் பாரேன்.'

உனக்குத் தெரியுமா, படிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்களை நானூறு வரைக்கும்தான் ஒழுங்காகப் படித்தார். 'நீல நிறப் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது' என்று எத்தனை தடவை சொல்வது. "இதையெல்லாம் நான் என்னைக்குடி பேசப் போறேன்" என்று பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தார். பாதி உன்னைத் திட்டுகிற வாக்கியம்.

என்னைக் கூப்பிடுகிற பெயரை மட்டும் பதினோரு விதமாகப் பதிந்தார். கோபமாக ஒன்று, தண்ணீர் கேட்க ஒன்று, கதவைத் திறக்கச் சொல்லி ஒன்று, காரணமே இல்லாமல் சும்மா கூப்பிட ஒன்று. அந்தச் சும்மாவுக்குத்தான் அரை நாள் எடுத்துக்கொண்டார். சரியாக வரவில்லை, சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப.

நீ நேரில் வந்து பார்த்தால் தேவலை.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 8
(கோப்பு: வால்-கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் பக்கம் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டேன். கோளாறு நம்மிடம் இல்லை. கிளவுட் கம்பெனிக்காரர்கள் மேலே ஏதோ பராமரிப்பு வேலை செய்கிறார்கள் போலிருக்கிறது. அவர்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கினால் நம் சாமான் கொஞ்ச நாள் கண்ணில் படாது. ஒரு வாரம் பொறு, தானாக வரும்.

இந்த வாரம் வர முடியாது. ஆசிரியர் புதுத் தலையோடு புதுச் சுறுசுறுப்பும் நட்டுக்கொண்டிருக்கிறார், விடுமுறை தரமாட்டார்.

உன்,
வால்

*

மார்ச் 8
(கோப்பு: வால்-கடிதம், முரண்பட்ட பிரதி, அலுவலகக் கணினி)

அக்கா,

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். சாயங்காலம் வரை தைரியம் தாங்காது.

ஃபோல்டரை அழித்தது நான்தான்.

போன மாதம் பதினாறாம் தேதி. என் லேப்டாப் இடமில்லை, இடமில்லை என்று கத்தியது. எது பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். 'அத்தான் குரல்' இருந்தது. இது என் மெஷினில் இருக்கிற பிரதிதானே, அசல் மேலே இருக்கிறதே என்று அழித்தேன். இங்கே அழித்தால் மேலேயும் அழியும், மேலே அழிந்தால் உன்னிடமும் அழியும், அதற்குப் பெயர்தான் ஒத்துப்போவது என்பது, உங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்த எனக்கு உறைக்கவில்லை. அழித்ததோடு விட்டிருந்தால் குப்பைத்தொட்டியில் ஒரு மாதம் கிடந்திருக்கும். நான் சுத்தக்காரன் இல்லையா, அதையும் காலி செய்தேன்.

நாலாம் தேதி உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். யார் எதை எப்போது அழித்தார்கள் என்கிற பட்டியலைத் திறந்து பார்த்தேன், என் பெயர் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் உன்னைக் கடிகாரத்தைத் திருத்தச் சொன்னேன். நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்திருப்பாய். அத்தான் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்.

நிரந்தரமாக அழித்ததையும் இருபத்தைந்து நாளுக்குள் கேட்டால் கம்பெனி தேடித் தருமாம். அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுதிக் கேட்க வேண்டும், யார் அழித்தது என்று காரணமும் சொல்ல வேண்டும். அதை எழுத நாலு நாளாக உட்காருகிறேன். எழுதினால் உனக்கும் ஒரு நகல் வரும் என்பதால் எழுந்துவிடுகிறேன். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் அக்கா, உன் முன்னால்...

*

மார்ச் 9

தம்பிக்கு,

தபால்பெட்டியில் எட்டாம் தேதிக் கடிதம் இரண்டு இருக்கிறது. ஒரே கோப்பை நீ காலையில் அலுவலகத்தில் ஒரு விதமாகவும் சாயங்காலம் வீட்டில் வேறு விதமாகவும் எழுதியிருக்கிறாய். அலுவலகக் கணினி அனுப்பத் தாமதித்ததால், எது சரி என்று தெரியாமல் கிளவுட் இரண்டையும் வைத்துக்கொண்டதாம். அதன் உதவிப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். உன்னைக் கேட்கவில்லை.

நீ பயந்து மூடியதை இது எவ்வளவு பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறது பார். அவருடைய குரலை வைத்துக்கொள்ளத்தான் இதற்குத் தோன்றவில்லை.

பதினாறாம் தேதியில் இருந்து எண்ணிப் பார்த்தேன். இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. இன்றைக்கே எழுது. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அக்கா

*

மார்ச் 9, மதியம்

அக்கா,

எழுதிவிட்டேன். படிவத்தில் 'அழித்தவர் யார்' என்று கேட்டிருந்தது. நான். 'இழப்பை அறிந்த தேதி' என்று கேட்டிருந்தது. மார்ச் நாலு. வேடிக்கையாக ஒரு வரியும் சேர்க்கவில்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை. அத்தானிடம் நானே வந்து சொல்லட்டுமா, நீ சொல்லிவிட்டாயா? இதற்கு மட்டும் பதில் போடு.

வால்

*

மார்ச் 27

தம்பிக்கு,

பதினெட்டு நாளாக நான் ஏன் எழுதவில்லை என்று கேட்காமல் இருந்தாயே, அதற்கு நன்றி.

கிளவுட் கம்பெனியிடமிருந்து வந்தது. தொள்ளாயிரத்தில் இருநூற்றுப் பதினான்கு. நிரந்தரமாக அழித்ததை அவர்கள் தினம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே வருவார்களாம். ஒரு வாரம் முன்னதாகக் கேட்டிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்று எழுதியிருந்தார்கள். நகல் உனக்கும் வந்திருக்கும். படித்திருப்பாய்.

முழுக் குரல் செய்ய இது போதாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கிடைத்ததை அப்படியே ஒரு பலகையில் பொத்தானுக்கு ஒரு வாக்கியமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இனி அத்தானுக்கு இருநூற்றுப் பதினான்கு வாக்கியம். முதல் நாள் முழுக்க எங்கள் வீட்டில் நீல நிறப் பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது.

அவரிடம் நான்தான் சொன்னேன், பத்தாம் தேதி. மறுநாள் சிலேட்டில் 'பயந்திருப்பான்' என்று மட்டும் எழுதினார். எனக்கு அந்த மனசு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. நீ அழித்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை தம்பி. கடிகாரத்தைத் திருத்தச் சொன்னாய் பார், அதுதான் போகமாட்டேன் என்கிறது.

என் பெயரைச் சொன்ன பதினொன்றில் ஒன்றுகூட வரவில்லை. சும்மா கூப்பிட்டதும் வரவில்லை.

உன்னைத் திட்டியதில் ஒன்று மட்டும் முழுசாக, மூச்சு விடுகிற சத்தத்தோடு வந்திருக்கிறது: "வந்துட்டானா உன் தம்பி, பிரின்டரை ஒளிச்சு வைடி." பலகையில் அதைத்தான் எடுப்பாக இருக்கிற பெரிய பொத்தானில் போட்டிருக்கிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதைத்தான் அமுக்குகிறார், தலையணை சரிந்தாலும் அதுதான். சமையலறை வரைக்கும் கேட்கிறது. நானும் போட்டது போட்டபடி ஓடுகிறேன். நேற்று ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஒன்றும் வேண்டாம், சும்மா.

ஞாயிற்றுக்கிழமை வா. லேப்டாப் எடுத்து வராதே. நீ உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்காதே. அவர் கூப்பிடுவது என்னை.

அக்கா