கண்ணாடியில் காட்டிய படம்

மகளுக்கு,

நீ மரத்தில் செதுக்கி அச்செடுத்து அனுப்பிய படம் வந்தது. தரையெல்லாம் கறுப்பு; கிணற்றடியும் மலைக்கோட்டையும் மட்டும் வெள்ளை. மலைக்கு இடப்பக்கம் கிணறு தெரிவது, என் மேல் வழக்குப் போட்ட உன் சித்தப்பா வீட்டிலிருந்துதான். அங்கே போய் உட்கார்ந்து வரைந்தாயா என்று கத்தினேன்.

“அச்சுல இடம் வலமாயிரும். வாத்தியாருக்கு அதுகூடத் தெரியலையாக்கும்?” என்று உன் அம்மா படத்தைக் கண்ணாடியில் காட்டினாள். நம் வாசலிலிருந்து தெரியும் காட்சி அது. நினைவில் வைத்து வரைந்திருக்கிறாய் என்று அழுதாள்.

நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு கட்டிய மோட்டார் அறையும் படத்தில் கிணற்றடியில் இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

சித்திரையில் நீ கேட்டைத் தட்டியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். திறக்கவில்லை. யாரோ நன்கொடைக்கு வந்தார்கள் என்று அவளிடம் சொன்னேன். இத்தனையும் வரைய எவ்வளவு நேரம் அந்த வெயிலில் நின்றாய்?

பதில் எழுதினால் பள்ளி முகவரிக்கு எழுது.

அப்பா