ஒருசந்தியும் கொடுப்புப் பல்லும்

தவக்கால வெள்ளி, இரவு.

சிலுவைப்பாதை முடிந்ததும் பங்குச் சுவாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வயசிலயும் ஒருநேரச் சாப்பாட்டோட விடாமல் ஒருசந்தி பிடிக்கிறீங்களாம், ஐயா. பெடியள் உங்களைப் பார்த்துப் பழகோணும்." நான் மறுக்கவில்லை. கடைவாயில் கொடுப்புப் பல் குத்துவதால்தான் கஞ்சியோடு கிடக்கிறேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி பிலோமினா தொடங்கினாள். "பல்லுக்குத்தைத் தவமாக்கின முதல் மனுசன் நீங்கள்தான். கன்னம் வீங்கிக் கிடக்கு, கண்ணாடியில பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான்.

வலிக்கு நான் பயப்படவில்லை. இதயத்துக்காக இரத்தம் கட்டாமலிருக்கக் குளிசை போடுகிறேன். பல்லைப் பிடுங்கி இரத்தம் நிற்காவிட்டால்? பயத்தில் குளிசையை நிறுத்தி, இதயத்துக்கு ஏதும் வந்தால்? முதலில் எந்த டொக்டரிடம் போவது என்று யோசித்தே வீங்கவிட்டுவிட்டேன்.

இனி யோசிப்பதில்லை. நாளை காலை உட்துறைமுக வீதிப் பல் டொக்டரிடம் போகிறேன். வாயைத் திறக்குமுன் குளிசையைக் காட்டுவேன். இதய டொக்டரிடம் கேட்கச் சொன்னால் கேட்பேன். நானாக ஒன்றையும் நிறுத்தமாட்டேன்.

"உங்களைத் தனிய விட்டா வாசலோட திரும்பி வந்திடுவீங்கள். நானும் வாறன்" என்றாள் பிலோமினா.

திரும்பமாட்டேன். இந்த முறை நிச்சயம். ஆனாலும், "ஓம், வா" என்றேன்.