மேலே என்ன இருந்தது என்று கேட்டாயே

இன்று காலை ஸ்டோருக்குப் புது சேஃப்டி பெல்ட்டுகள் வந்தன. உறையைக் கிழித்ததும் அந்த நைலான் பட்டையின் வாடை. கொக்கியை இழுத்துப் பார்த்து, தையலை விரலால் தடவி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடுவது என் வேலை. மூன்றாவது பெல்ட்டைத் தாண்ட முடியவில்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அதில் உட்காரும் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று.

இதே வாடையை நாம் இருவரும் சேர்ந்து நுகர்ந்தது நேபாளத்தில், பொக்காராவுக்கு மேலே அந்த மலைச்சரிவில்.

நம் கம்பி ஆலையில் பதினோரு வருடம் கிரேன் ஓட்டியவள் நீ. கூரைக்குக் கீழே தொங்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்பவரின் கையை மட்டும் பார்த்து வேலை செய்வாய். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. சுட்டுவிரலை மேல்நோக்கி நீட்டிச் சின்ன வட்டம் போட்டால் உயர்த்து. கீழ்நோக்கிப் போட்டால் இறக்கு. "கீழ வந்தாத்தான் எனுக்குத் தல சுத்துது" என்பாய். ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. பாதுகாப்பு அதிகாரி என்பதால் நான் உனக்கு வெறும் 'சேஃப்டி'.

பதினோராவது வருட உடல் பரிசோதனையில் உன் இரத்த அழுத்தம் மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று தெரிந்தது. உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். "இன்னா சேஃப்டி, என்ன எறக்கிட்ட" என்றாய். அவ்வளவுதான். அதன்பிறகு மதியச் சாப்பாட்டுக்கு என் மேசைக்கே வர ஆரம்பித்தாய்.

மீஞ்சூரிலிருந்து ஒரு பெண்கள் குழு நேபாளம் போகிறது, அங்கே மலையிலிருந்து பாராசூட் மாதிரித் துணியில் தொங்கிப் பறக்கலாம் என்று செய்தி கொண்டுவந்ததும் நீதான். எனக்குக் கூட்டமாகப் பயணம் போவது பிடிக்காது. "நீ வர்லன்னா எங்கூட்ல வுட மாட்டாங்கமே. சேஃப்டியே கூட வருதுன்னு சொல்லிக்கீறேன்" என்றாய். வந்தேன்.

அந்தக் காலையில் வழிகாட்டி நம் எதிரில் பட்டைகளை விரித்தார். நான் கொக்கியைச் சோதித்தேன், தையலைப் பார்த்தேன், கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "அந்த ஆள வுட்டுடு, பாவம். நம்ம காண்ட்ராக்டருன்னு நெனச்சிக்கினியா?" என்று நீ சிரித்தாய். பிறகு படிவம் வந்தது. ஆங்கிலப் படிவம் என்பதால் உனக்கும் சேர்த்து நானே நிரப்பினேன். இதய நோய், இரத்த அழுத்தம் உண்டா என்ற இடத்தில் என் பேனா நின்றது.

"இல்லன்னு போட்டுட்டுப் போமே. இங்க யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும் இல்ல?"

'உண்டு' என்று எழுதினேன். வழிகாட்டி படித்தார், பைலட்டிடம் ஏதோ பேசினார், முடியாது, மன்னியுங்கள் என்பதுபோல் உன்னைப் பார்த்துக் கைகூப்பினார். உனக்கு மொழி தேவைப்படவில்லை. கையைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவள் ஆயிற்றே.

நானும் போகவில்லை என்றேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு பேரும் கீழ குந்திக்கினு இன்னா பண்றது? நீ போ. போய்ப் பாத்துக்கினு வந்து ஒண்ணு வுடாம சொல்லு."

பைலட் என் முதுகோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, ஓடு என்றார். ஓடும்முன் திரும்பிப் பார்த்தேன். சரிவின் ஓரத்தில் நீ முன்கையை நிமிர்த்தி, சுட்டுவிரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாய். பதினோரு வருடம் மற்றவர்கள் உனக்குக் காட்டிய சைகையை நீ இன்னொருவருக்குக் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏரிக்கரையில் இறங்கியபோது எனக்கு முன்னால் வேனில் வந்து காத்திருந்தாய்.

"எப்டிக்கீது மேல?"

"குளிரா இருந்துச்சு. பெல்ட்டெல்லாம் சரியா இருந்துச்சு. இருபது நிமிஷம் இருக்கும்."

"ரிப்போர்ட்டு கேக்கலமே நானு."

ஊர் திரும்பிய பிறகும் கேட்டாய். சாப்பிடும்போது கேட்டாய், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது கேட்டாய். பெரிதாக ஒன்றுமில்லை என்றே சொன்னேன். உன்னிடமிருந்து பிடுங்கியதை நான் அனுபவித்தேன் என்று எப்படிச் சொல்வது? சின்னதாகச் சொன்னால் நீ இழந்ததும் சின்னதாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கடைசியில் ஒருநாள் டிபன் டப்பாவை மூடியபடி சொன்னாய்: "நல்லாத்தான் இருந்திருக்கும். அதான் நீ சொல்ல மாட்ற." அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு காலை, வேலைக்கு வர மீஞ்சூர் நடைமேடையில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாய். சமதரையில்.

மேலே இருந்து அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உன் மகள் சொல்கிறாள். அவளிடம் தலையாட்டினேன். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இந்தக் கடிதம் உனக்கு எட்டும் என்றும் நம்பவில்லை. மறுபடியும் அந்தப் படிவம் வந்தால் 'உண்டு' என்றுதான் எழுதுவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

சொல்கிறேன். தரை காலைவிட்டு நழுவியதும் பயத்தில் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரைச்சலே இல்லை. கயிறுகளில் காற்று உரசுவது மட்டும் கேட்டது. ஏரி பாதி பச்சையாகவும் மலை நிழல் விழுந்த பாதி கறுப்பாகவும் கிடந்தது. எங்களுக்குச் சற்றுக் கீழே ஒரு கழுகு மிதந்தது. அதன் முதுகைப் பார்த்தேன். வெயில் பட்டுப் பழுப்பாக மின்னியது. அதுவரை பறக்கும் பறவையின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்னவோ ஏதோ என்று பைலட் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்டேன். நான், வாய்விட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது. நீ நினைத்ததைவிடவும் நன்றாக இருந்தது.

உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன அன்று தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டோம். அதற்கு முன் வாசலில் நான்கு பேர் குனிந்து பாடையோடு உன்னைத் தோளுக்கு ஏற்றினார்கள். அப்போது புடவைத் தலைப்புக்குள் என் சுட்டுவிரல் நிமிர்ந்து சின்னதாக வட்டம் போட்டது. யாரும் பார்க்கவில்லை. இப்போதும் ஆலைக்குள் கிரேன் நகரும் சத்தம் கேட்டால் அந்த விரல் தானாக நிமிர்கிறது. இன்றும் அதை மடக்கிப் பேனாவைப் பிடித்து, மீதிப் பெல்ட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்தேன்.