சீனுவின் கால்களும் நீ வளர்க்கும் ஈக்களும்

விஜயபுரம்
ஞாயிறு காலை

அன்பு மகள் தேவயானிக்கு நைனா எழுதுவது. ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் அந்தக் குளிர் ஊரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஏழுமலையான் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான். போனில் பேசினால் அம்மா காதிலும் உன் தம்பி சீனு காதிலும் விழும், அதனால்தான் கடிதம்.

திருப்பதியில் கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நீ சொன்னதுதான். ஈ கூட்டுக்குள் இருக்கும்போதே தசை எப்படி உருவாக வேண்டும் என்று ஒரு ஜீன் வழிகாட்டும், தாய் தகப்பன் இரண்டு பக்கமும் கெட்டதே வந்தால் இறக்கை இருந்தும் பறக்காது, ஒரு பக்கம் நல்லது வந்தால் பறந்துவிடும் என்றாயே, அதே கதைதான் சீனுவுக்கும். எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு பக்கம் கெட்டுப்போயிருக்கிறது. சொந்த அக்கா மகளைக் கட்டியவன் நான், ஒரே வீட்டு ரத்தம், வேறெங்கிருந்து வரும். சீனு இப்போது தொடையில் கையூன்றித்தான் எழுந்திருக்கிறான், தட்டைக்கூட இடது கையால் தாங்கித் தூக்குகிறான். கால் பலப்படட்டும் என்று வேண்டிக்கொண்டு மலைக்கு ஏறும் அலிபிரி படியில் அவனை இரண்டு முறை நடத்தி ஏற்றினேனே, “கால் வர்ல நைனா” என்று அழுதவனை “நடிக்கிறியாடா” என்று அடித்தேனே, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் அம்மாவின் தம்பி முரளி நேற்று வெற்றிலைப் பாக்கோடு உன்னைக் கேட்டு வந்தான். தாய்மாமன் உரிமை என்றான். முடியாது என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன், ஒரு வாய் துன்னாமல் போய்விட்டான். நீயும் பரிசோதனை செய்துகொள், தள்ளிப்போடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ குணப்படுத்தப் பார்க்கும் ஈக்களில் ஒன்றாவது தேறிப் பறந்தால் சீனுவிடம் உடனே சொல்லிவிடாதே, முதலில் எனக்குச் சொல், வீணாக ஆசைப்பட்டுவிடுவான்.

ஏழுமலையான் உன்னைக் காக்கட்டும், உன் வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் ஓடியாடட்டும். அம்மாவிடம் அடிக்கடி பேசு. தெரியாமல் நடந்தது என்று நீ சொன்னால் கேட்பாள். பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவள், முடிவு வந்த நாள் முதல் கூப்பிடுவதே இல்லை.

உன் நைனா
நாகேந்திரன்