நிழலுக்குத் தள்ளிய சிவப்புக் கார்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம், எனக்குத் தோள்பட்டை வலி ஒன்றைத் தவிர. அந்த வலி வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். போன மாதம் போனில் நீ, இன்னுமா அந்தக் காரை வச்சிருக்கீங்க என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது விவரமாகவே பதில் எழுதுகிறேன், சாவகாசமாக உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து கார் வீட்டுப் பக்கவாட்டில் வெட்டவெளியில் அசையாமல் நின்றது. சிவப்பு வெளுத்து, பலமுறை துவைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. மேலே போகும் மின்கம்பியில் உட்காரும் பறவைகள் எச்சமிட்டுக் காரின் கூரையைக் கேட்கவே வேண்டாம் என்கிற அளவுக்கு ஆக்கியிருந்தன. உன் தங்கை பழைய இரும்பு எடுப்பவரிடம் பேசிவிட்டு, வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரும்மா, இடமாவது மிச்சம் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. என் கவலை காரைப் பற்றியதே அல்ல. எல்லாம் நன்றாக ஆறிவிட்டது, நடக்கலாம், மாடி ஏறலாம், காரும் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லி வெகுநாளாகியும் அப்பா ஜன்னலோர நாற்காலியை விட்டு எழவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தபடியே பொழுதைக் கழிப்பார். காரும் போய்விட்டால் இந்த மனிதர் இனி வாசலைத் தாண்டமாட்டார் என்று எனக்குப் பட்டது.

பள்ளியில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவேன். டீச்சர், நீங்க போட்டது தப்பு என்று சொல்லும் சந்தோஷத்தை எந்தப் பிள்ளையும் விட்டுக்கொடுக்காது, கடைசி பெஞ்சுகூட எழுந்து நிற்கும். அதையே அப்பாவிடமும் செய்து பார்த்தேன். ஜன்னலுக்கு நேராக நின்று, கூரையிலிருந்து கழுவ வேண்டிய காரைச் சக்கரத்திலிருந்து கழுவினேன். பார்த்தார், செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சரி, இந்தப் பையன் தேறமாட்டான் என்று விட்டுவிட்டு, மறுநாள் கடையில் பாலிஷ் வாங்கி வந்து முன்பக்கம் முழுக்க அள்ளிப் பூசினேன். உச்சி வெயில். துணியைப் பார்த்தால் ஒரே சிவப்பு, பெயிண்டையே பெயர்த்துவிட்டேனோ என்று தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குள் பூசியது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது, என்ன தேய்த்தும் வரவில்லை. இந்தத் தப்பு நான் திட்டம் போட்டுச் செய்ததல்ல கண்ணா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது பார், அடேயப்பா. ஏ டீச்சரம்மா, கொளுத்துற வெயில்ல யாராவது பாலிஷ் போடுவாங்களா, தகரத்துல கை வச்சுப் பாரு என்று கத்திக்கொண்டே செருப்பை மாற்றிப் போட்டபடி வெளியே வந்தார். துணியில் சிவப்பு ஒட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், பழைய பெயிண்ட் அப்படித்தான், மேலே செத்துப்போன தோல்தான் வருது, கீழே நல்லாத்தான் இருக்கு என்றார். முதலில் பின்பக்கத் தகரக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பேட்டரிக்கு உயிரில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, சார் நீங்க தள்ளக்கூடாது, ஸ்டியரிங்கைப் பிடிங்க என்றார். அப்பா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தையல்காரர்தான், சீக்கிரம் ஏறுங்க சார், மிஷின்ல ஒரு சட்டை ஒத்தைக் கையோட நிக்குது என்றார். ஏறி உட்கார்ந்தார். நாங்கள் மூச்சிரைக்கத் தள்ளினால் உள்ளேயிருந்து, என்ன ரெண்டு பேரும் தள்றீங்களா தடவுறீங்களா என்று கேள்வி.

அதன்பிறகு எங்கள் மாலைகளெல்லாம் கொட்டகையில்தான். கழுவித் துடைத்த பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கூரையைத் தடவச் சொன்னார், கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது விரலுக்கு உப்புத்தாளாக இருந்தது. காருக்கென்றே விற்கும் ஒருவகைக் களிமண்ணைச் சோப்புத் தண்ணீரில் வழுக்கவிட்டு அந்தச் சொரசொரப்பை எடுத்தோம். அப்புறம்தான் பாலிஷ், ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டு, கைக்குட்டை அளவு இடத்தை முடித்த பிறகே அடுத்த இடம். நான் கொஞ்சம் வேகமாகத் தேய்த்தால், பலகை அழிக்கிற மாதிரி அழிக்காதே என்று அதட்டல், கடைசியில் என்னைத் துணி அலசும் வேலைக்கு இறக்கிவிட்டார். பின்கதவில் ஒரு கீறல் மட்டும் ஆழம், இன்னும் தேய்த்தால் இருக்கிற பெயிண்டும் போயிடும், விடு என்று விட்டுவிட்டார். சிவப்பு திரும்பி வந்ததை எழுத்தில் சொல்ல முடியவில்லை, குனிந்தால் கொட்டகையின் ஓட்டைகூட அதில் தெரிகிறது. உன் தங்கை வந்தவள் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள், உடனே அப்பா அவளிடம், முதல்ல மோதிரத்தைக் கழட்டு, அப்புறம் தொடு என்றார். இரும்புக்காரரை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். புதுப் பேட்டரி போட்ட மறுநாள், துணி அலசிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால் அவரும் இல்லை, காரும் இல்லை. வாசலுக்கு ஓடினேன். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றபோது தெருமுனையில் சிவப்பாக வந்தது. பாலிஷுக்கு மேலே பூசும் மெழுகு தீர்ந்துவிட்டதென்று புதிதாக ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்து இறங்கி, என்ன, ஊர்வலம் பார்க்க நிக்கிறியா என்று என்னைக் கேட்கிறார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சின்னவளைத் திட்டாதே, மருமகளுக்கு என் அன்பைச் சொல். மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஒவ்வொரு முறையும் நீ பேசும்போது முதலில், உடம்பு எப்படி இருக்குப்பா என்று கேட்கிறாய். பாசத்தில்தான் கேட்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் போனை வைத்ததும் அவர் விரல் மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது, போன வாரமும் போயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, உன் கார் கண்ணாடியில் படிந்திருக்கும் தண்ணீர்க் கறையை எப்படி எடுப்பது என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

பிரியமுள்ள,
அம்மா